தொண்ணூற்றிரண்டு நடத்திய மதிய வகுப்பு

வேதியியலில் நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டு வாங்கியவன் எப்படி இருப்பான் என்று யாராவது கேட்டால், எங்கள் பட்டறைக்கே கூட்டிக்கொண்டு வந்து காட்டியிருப்பேன். வெளுத்த சட்டை, பையில் இரண்டு பேனா, முலாம் தொட்டிக்குப் பத்தடி தள்ளி ஒரு நாற்காலி. நாற்காலிக்கு மேலே சுவரில் அவனுடைய மார்க் பட்டியல், கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருக்கும். முதலாளியின் மனைவிக்குத் தம்பி. பெற்றவர்கள் ஆசையாய் ஏதோ பெயர் வைத்திருப்பார்கள். பட்டறையில் அவன் பெயர் தொண்ணூற்றிரண்டு. அந்தப் பெயரை வைத்தவள் நான்தான்.

பித்தளைக் கைப்பிடி, குழாய்த் திருகு, சைக்கிள் மணி என்று எது வந்தாலும் தேய்த்து, அமிலத்தில் அலசி, நிக்கல் தொட்டியில் தொங்கவிட்டுப் பளபளவென்று திருப்பி அனுப்புவது எங்கள் தொழில். பதினோரு வருடமாகத் தொட்டி என் கையில். தண்ணீரின் பச்சை வெளுத்தால் என்ன சேர்க்க வேண்டும், பூச்சு கருகினால் எதைக் குறைக்க வேண்டும் என்று கண்ணால் பார்த்தே சொல்லிவிடுவேன். ஆனால் காகிதத்தில் தொட்டியின் பொறுப்பாளர் தொண்ணூற்றிரண்டு. அமிலமும் மின்சாரமும் சேர்ந்து புழங்கும் இடத்துக்குப் பொறுப்பாளராக இருப்பவர் பள்ளி இறுதியாண்டில் வேதியியல் தேறியிருக்க வேண்டும் என்பது சட்டம். நான் மற்ற எல்லாப் பாடத்திலும் தேறி, வேதியியலில் மட்டும் இருபத்தொன்பது வாங்கியவள். தேற முப்பத்தைந்து வேண்டும். அந்த ஆறு மார்க் குறைந்த பாவத்துக்கு, அவன் வந்ததிலிருந்து இரண்டு வருடமாக நான் வேலை செய்தேன், அவன் கையெழுத்துப் போட்டான்.

அந்தப் பதவி எனக்கு வேண்டும். ஒளிப்பானேன், ரொம்பவே வேண்டும். என் தொட்டிக்கு என் பெயர் இருக்க வேண்டும் என்று நினைப்பது பேராசையா? தொண்ணூற்றிரண்டுக்கும் பட்டறை கசந்து போய், செல்போன் கடை வைக்கப் போகிறேன் என்று அக்காவை நச்சரித்துக்கொண்டிருந்தான். அதனால் ஒருநாள் முதலாளி என்னைக் கூப்பிட்டார்.

"ஏம்மா, அந்த ஒரு பாடத்தைத் தனியாக் கட்டி எழுதிப் பாஸ் பண்ணிடேன். அடுத்த நாளே உன் பேரைத் தொழிற்சாலை ஆய்வாளருக்கு எழுதி அனுப்பிடறேன். மச்சானே மத்தியானத்துல சொல்லிக் குடுப்பான். தொண்ணூத்திரண்டு வாங்கினவன் ஆச்சே."

அவர் அதைச் சொன்ன பவ்வியத்தைப் பார்த்திருக்க வேண்டும். மச்சானின் மார்க்கைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடாத குறைதான்.

மதியம் சாப்பிட்ட கையோடு வகுப்பு தொடங்கும். அவனிடம் பத்து வருட வினாத்தாள் தொகுப்பு ஒன்று இருந்தது. அட்டை கிழிந்து, ஓரமெல்லாம் பழுப்பேறி, ஒவ்வொரு கேள்விக்குப் பக்கத்திலும் 'மூன்று முறை', 'ஐந்து முறை' என்று சிவப்பில் எழுதியிருக்கும். எந்தக் கேள்வி எத்தனை தடவை வந்திருக்கிறது என்ற கணக்கு அது. கேள்விக்கு என்ன அர்த்தம் என்று கேட்டால் முழிப்பான். எத்தனை முறை வந்தது என்று கேட்டால் மடைதிறந்த வெள்ளம்தான்.

முதல் நாள் கேட்டான்: "துத்தநாகத் துண்டை நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்துல போட்டா என்ன நடக்கும்? மூணு மார்க்."

இதைக்கூடவா கேட்பார்கள் என்று எனக்குச் சிரிப்பு வந்தது. "நுரைச்சுக்கிட்டுக் குமிழி வரும். ஏனம் சுடும். பக்கத்துல தீக்குச்சி கிழிச்சா 'டப்'புனு சத்தம் போடும். நெடி மூக்குல ஏறும், அதனால முகத்தைக் கிட்டக் கொண்டு போகக் கூடாது."

"சுடும்னெல்லாம் எழுதாதீங்கக்கா."

"ஏன், சுடாதா?"

"சுடுமோ என்னமோ. விடையில அது இல்ல. துத்தநாக குளோரைடு, ஹைட்ரஜன் வாயு, சமன்பாடு. ஒண்ணு, ரெண்டு, மூணு. அதோட நிறுத்திக்கணும்."

சுடுமோ என்னமோவாம். ஆறடி தள்ளி அமிலத் தொட்டி இருக்கிறது, எழுந்து போய் ஒரு துண்டைப் போட்டுப் பார்க்க எவ்வளவு நேரம் ஆகும்? அவனுக்கு அப்படி ஒரு யோசனையே வரவில்லை. இரண்டு வருடமாக அந்த நெடியைச் சுவாசித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவன், விடைத்தாளுக்கு வெளியே ஹைட்ரஜன் இருக்கும் என்பதையே கேள்விப்படாதவன் போல் பேசினான்.

இப்படித்தான் ஒவ்வொரு நாளும். முலாம் பூசுவதன் பயன் இரண்டு கூறு என்றான். துரு ஏறாது, மலிவான சாமான் விலை கூடுதலாகப் போகும் என்றேன். இரண்டாவதற்கு மார்க் கிடையாது, 'அழகூட்டுவதற்காக' என்று எழுத வேண்டும் என்றான். அமிலம் தெறித்தால் என்ன செய்ய வேண்டும் என்றான். ஓடிப்போய்க் குழாயடியில் கால் மணி நேரம் கையை நீட்ட வேண்டும் என்றேன். "அது போன வருஷம் வந்துடுச்சு, இந்த வருஷம் வராது" என்று பக்கத்தைத் திருப்பினான். அவன் வகுப்பில் அமிலம் கூட வருடம் பார்த்துத்தான் தெறிக்கும்.

மோல் கணக்குக்கு மட்டும் அவனை நம்பவில்லை. அவனும் அந்தப் பக்கங்களைத் தாண்டியே போனான், "கணக்கை விட்டாலும் எழுபது தேறும்கா" என்று. காலையில் நான் அடுப்படியில் நிற்கும்போது என் மகள் கதவுநிலையில் சாய்ந்துகொண்டு கேள்வி கேட்பாள். இறுதியாண்டுக்கு ஒரு வகுப்பு கீழே படிக்கிறவள்தான், ஆனால் கணக்கில் புலி. நான் தப்பாகச் சொன்னால், "அம்மா, இருபத்தொன்பது உன் ரத்தத்துலயே ஊறிப் போச்சு" என்பாள். கரண்டியை ஓங்குவேன். அவள் அசையமாட்டாள், அடுத்த கணக்கைச் சொல்வாள். ஒரு மாதத்தில் கணக்கு என் வழிக்கு வந்தது.

பெரிய சண்டை வந்தது படத்தில்தான். முலாம் பூசும் அமைப்பைப் படம் வரைந்து பாகங்களைக் குறிக்க வேண்டும், ஐந்து மார்க். 'ஏழு முறை' என்று சிவப்பில் அடிக்கோடு போட்டு வைத்திருந்தான். எனக்கா தெரியாது? ஜன்னல் பக்கம் முதுகைக் காட்டி நான் தினமும் நிற்கிற தொட்டியை அப்படியே வரைந்தேன். தொட்டிக்கு மேல் இரண்டு செம்புக் கம்பி. வலது கம்பியில் நிக்கல் தகடு, அதற்குச் சிவப்பு வயர். இடது கம்பியில் கைப்பிடி, அதற்குக் கறுப்பு வயர். சிவப்புக்குப் புத்தகத்தில் நேர்மின்வாய் என்று பெயர், கறுப்புக்கு எதிர்மின்வாய். பெயரையெல்லாம் சரியாக எழுதினேன்.

தொண்ணூற்றிரண்டு அதன்மேல் ஒரு பெரிய முட்டை போட்டான்.

"தலைகீழா இருக்குக்கா. முலாம் பூசற சாமான், புத்தகத்துல கரண்டி, அது வலது பக்கம் வரணும், தகடு இடது பக்கம். புத்தகத்தைப் பாருங்க."

"நான் ஜன்னல் பக்கம் நிக்கறேன்டா. வாசப் பக்கமா நின்னு பாரு, உன் புத்தகம் மாதிரியே தெரியும். எதுல எந்த வயர் போகுதுங்கறதுதானே முக்கியம்?"

"அதெல்லாம் திருத்தறவங்களுக்குத் தெரியாது. வலது, இடது, அவ்வளவுதான் பாப்பாங்க. நான் நூறு தடவை வரைஞ்சிருக்கேன். கண்ணை மூடிக்கிட்டே வரைவேன்."

வரைந்தும் காட்டினான். கண்ணை மூடிக்கொண்டு, ஒரு கோடு பிசகாமல், வலதில் கரண்டி, இடதில் தகடு. நானும் வாயைப் பிளந்துகொண்டுதான் பார்த்தேன். பிறகு வீட்டுக்குப் போய் எனக்கே கோபம் வரும்வரை அந்தப் படத்தைப் புத்தகத்தில் இருக்கிற மாதிரியே வரைந்து பழகினேன். ஐந்து மார்க்கை வீம்புக்காக விட நான் என்ன கேனச்சியா? அதோடு துத்தநாகம் சுடும் என்பதையும் விட்டேன், மலிவான சாமான் விலை போகும் என்பதையும் விட்டேன். 'அழகூட்டுவதற்காக' என்று எழுதினேன். தொண்ணூற்றிரண்டு என் பயிற்சித் தாளில் வரிசையாகச் 'சரி' போட்டான். எனக்கு அது பிடித்திருந்தது என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

செய்முறைத் தேர்வு முதலில் வந்தது. அதற்கு முந்தின சாயங்காலம் தொட்டியின் இரண்டு கம்பிகளையும் கழற்றித் தேய்த்துக் கழுவி வைத்துவிட்டுத்தான் போனேன். மறுநாள் அறுபது கைப்பிடி போட வேண்டியிருந்தது. நான் வந்து போடுகிறேன், தொடாதே என்று தொண்ணூற்றிரண்டிடம் இரண்டு தடவை சொன்னேன்.

தேர்வுக் கூடத்தில் என்னைச் சுற்றி முப்பது பிள்ளைகள். எனக்கு மகள் வயது, மகன் வயது. ஆளுக்கொரு உப்பைக் கொடுத்து என்னவென்று கண்டுபிடிக்கச் சொன்னார்கள். யாராவது கண்டுபிடித்தார்களா? உப்பின் பெயரைச் சொல்லும்படி ஆய்வகப் பணியாளரைப் பார்த்துக் கண்ணாலேயே கெஞ்சிக்கொண்டிருந்தார்கள். அவர் வாய்க்குள்ளேயே முணுமுணுத்தார். பெயர் தெரிந்தவுடன், செய்யாத சோதனைகளையெல்லாம் செய்ததாகப் பக்கம் பக்கமாய் எழுதினார்கள். நான் ஒருத்திதான் சோதனைக் குழாயைச் சூடாக்கி, காரம் ஊற்றி, அம்மோனியா நெடியைப் பிடித்து, கண்டுபிடித்து எழுதினேன். தலையை நிமிர்த்திக்கொண்டு வெளியே வந்தேன். எத்தனை இளக்காரமாக அந்தப் பிள்ளைகளைப் பார்த்தேன் என்று இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

மதியம் பட்டறைக்குள் நுழைந்தபோதே ஏதோ சரியில்லை என்று தெரிந்தது. தேய்ப்பு இயந்திரம் ஓடவில்லை. தொட்டிக்கருகே முதலாளி இடுப்பில் கைவைத்து நின்றார். தொண்ணூற்றிரண்டின் வெளுத்த சட்டையில் பச்சைக் கறை.

மச்சான் தன் கையாலேயே தொட்டியைப் போட்டுவிட்டான். தொட்டிக்கார அக்கா பரீட்சைக்குப் போயிருக்கிறாள், நான் ஒருநாள் பார்க்கக் கூடாதா என்று முதலாளியிடம் பெருமையடித்திருக்கிறான். நான் நிற்கிற இடத்தில், ஜன்னலுக்கு முதுகு காட்டி நின்றிருக்கிறான். புத்தகத்தில் உள்ளபடி வலது கம்பியில் சாமான், இடது கம்பியில் தகடு. வலது பக்கம் எட்டுவது சிவப்பு வயர் மட்டும்தான். அதைக் கைப்பிடிகளோடு மாட்டியிருக்கிறான். நிறத்தை அவன் பார்க்கவே இல்லை. பார்த்து என்ன? அவன் நூறு தடவை வரைந்த படம் முழுக்கக் கறுப்பு மையில் இருந்தது.

நேர்மின்வாயில் மாட்டினால் மாட்டியது கரையும். இரண்டு மணி நேரம் கரைந்திருக்கிறது. அறுபது கைப்பிடியும் குழி குழியாய், செம்பேறி, சொறி பிடித்த மாதிரி தொங்கின. கரைந்த செம்பும் துத்தநாகமும் தொட்டியில் கலந்துவிட்டன. அவற்றை வெளியே எடுக்கும்வரை அதில் எதைப் போட்டாலும் கறுப்பாகத்தான் வரும்.

"எங்கடா போச்சு உன் தொண்ணூத்திரண்டு?" என்று நான் போட்ட சத்தத்தில் தேய்ப்புப் பகுதியிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். "கண்ணை மூடிக்கிட்டு வரைவியே, அப்படியே மாட்டிட்டியா? இந்த மண்டைக்கு மார்க் போட்டவன் எவன்டா?"

மூன்று நாள் நானேதான் சாமான் இடத்தில் பழைய தகடுகளைத் தொங்கவிட்டு, மின்சாரத்தைக் குறைத்து வைத்து, கொஞ்சம் கொஞ்சமாய்ச் செம்பையும் துத்தநாகத்தையும் தண்ணீரிலிருந்து இழுத்தேன். அந்த மூன்று நாளும் வாய் ஓயாமல் திட்டினேன். எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

நான்காம் நாள் முதலாளி பதிவேட்டைக் கொண்டுவந்து என் முன்னால் விரித்தார். தொட்டியில் எது நடந்தாலும் நடந்த தேதியிலேயே எழுதி வைக்க வேண்டும். அந்த இடத்தைக் காலியாக விட்டு வைத்திருந்தார்.

"ஏம்மா, பொறுப்பாளரே மாத்தி மாட்டினான்னு எழுதினா லைசென்ஸ் போயிடும். தொழிலாளி கவனக்குறைவுன்னு எழுதினா ஒண்ணும் ஆகாது, சாதாரணம். பட்டறையை மூடிட்டா அப்புறம் நீ பாஸ் பண்ணி எங்க பொறுப்பாளராகப் போறே? ஒரு வரிதான்."

பேனாவை அவரே மூடி திறந்து கொடுத்தார். வரியையும் அவரே சொன்னார். 'எனது கவனக்குறைவால் மின் இணைப்பு மாறிவிட்டது.' நான் யோசிக்கவில்லை என்று சொல்லமாட்டேன். யோசித்தேன். மூடிவிட்டால் எனக்கு நஷ்டம், எழுதினால் யாருக்கும் நஷ்டமில்லை, இதையெல்லாம் எவன் படிக்கப் போகிறான் என்று யோசித்தேன். எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கையெழுத்து நன்றாகவே விழுந்தது, இரண்டு மாதமாக எழுதிப் பழகிய கை.

அடுத்த வாரம் எழுத்துத் தேர்வு. படம் எட்டாவது முறையாக வந்தது. வலதில் கரண்டி, இடதில் தகடு, ஒரு கோடு பிசகவில்லை. முடிவு வந்தபோது எனக்கு எழுபத்தொன்று. என் மகள் தெருவில் ஓடிக்கொண்டே எல்லோரிடமும் சொன்னாள். முதலாளி சொன்ன வார்த்தையைக் காப்பாற்றினார், அதையும் மறைக்கக் கூடாது. மறுநாளே என் பெயரை எழுதி அனுப்பினார்.

பத்து நாளில் ஆய்வாளர் அம்மா வந்தார். ஐம்பது வயதிருக்கும். ரப்பர் செருப்பு, தோளில் துணிப்பை. குரல் உயராத பேச்சு. அமிலம் வைக்கும் அறை, கையுறை, கண்ணாடி, குழாயடி எல்லாவற்றையும் பார்த்தார். என்னிடம் பத்துக் கேள்வி கேட்டார். புத்தகத்தில் இருக்கிறபடியும் சொன்னேன், கையால் செய்கிறபடியும் சொன்னேன். துத்தநாகம் சுடும் என்றுகூடச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டார். பதவி என் மடியில் விழுந்துவிட்டதாகவே நினைத்தேன்.

பிறகு நாற்காலியில் உட்கார்ந்து பதிவேட்டைப் படித்தார். ஒவ்வொரு பக்கமாக, விரலை வைத்துப் படித்தார். படிப்பவர்களும் இருக்கிறார்கள்.

"இது உங்க கையெழுத்தா?"

"ஆமாங்க மேடம்."

"நேர், எதிர் மாத்தி மாட்டினது நீங்களா? பதினோரு வருஷம் பார்த்தவங்க, இப்ப என்கிட்ட இவ்வளவு சரியாச் சொன்னவங்க, இதைப் போய் மாத்துவாங்களா?"

முதலாளியைப் பார்த்தேன். அவர் கூரையைப் பார்த்தார். தொண்ணூற்றிரண்டு தன் பேனா மூடியைத் திறந்து திறந்து மூடினான். பதினோரு வருடம் கட்டிக் காத்த தொட்டியில் நான் சிவப்பையும் கறுப்பையும் மாற்றினேன் என்று இந்த அம்மா நினைத்துக்கொண்டு போவதை என்னால் தாங்க முடியவில்லை.

"இல்லீங்க மேடம். அன்னைக்கு நான் பட்டறையிலயே இல்ல. செய்முறைத் தேர்வுக்குப் போயிருந்தேன். ஹால் டிக்கெட்டுல அந்தத் தேதிக்கு முத்திரை இருக்கு, எடுத்துக் காட்டறேன். மாத்தி மாட்டினது இவர்."

ஆய்வாளர் தலையாட்டினார். நான் சொன்னதை நம்பினார் என்பது முகத்திலேயே தெரிந்தது.

"அப்போ இதை ஏன் எழுதினீங்க?"

"எழுதச் சொன்னாங்க. எழுதினேன்."

அவர் பதிவேட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டார். கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"வயரை மாத்தி மாட்டினவங்களா இருந்தா, சொல்லிக் குடுத்துத் திருத்திடலாம்மா. பொறுப்பாளர்னா என்ன நினைச்சீங்க? தொட்டியைப் பாத்துக்க வேற ஆளுங்க இருப்பாங்க. நடந்ததை நடந்தபடி இந்தப் புத்தகத்துல எழுதறதுக்குத்தான் பொறுப்பாளர். நாளைக்கு இங்க ஒரு பிள்ளை கண்ணுல அமிலம் தெறிச்சா, அதையும் இவர் சொல்றபடிதானே எழுதுவீங்க?"

பத்து வருடக் கேள்விகளுக்கு நான் பதில் பழகியிருந்தேன். இது அதில் இல்லை.

விண்ணப்பத்தில் என் பெயரைக் கோடு போட்டு அடித்தார். தொண்ணூற்றிரண்டின் பெயரையும் பொறுப்பிலிருந்து எடுத்தார். வெளியிலிருந்து ஒரு ஆள் வரும்வரை தொட்டி ஓடக் கூடாது. நான் மறுபடி விண்ணப்பிக்க மூன்று வருடம் ஆக வேண்டும். மார்க் பட்டியலை என்னிடம் திருப்பிக் கொடுக்கும்போது, "எழுபத்தொண்ணு நல்ல மார்க்" என்று மெய்யாகவே சொன்னார். அதைவிட ஒரு அறை விட்டிருக்கலாம்.

முதலாளி அலுவலக அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். தொண்ணூற்றிரண்டு மெதுவாக என் பக்கத்தில் வந்து நின்றான்.

"மன்னிச்சுக்கங்கக்கா. எனக்கு நெஜமாவே அதுதான் சரின்னு தோணுச்சு."

திட்டுவதற்கு வாயைத் திறந்தேன். இரண்டு வருடமாக அவனுக்கென்று சேர்த்து வைத்திருந்த வசவு எல்லாம் என் பக்கமே திரும்பியது. அந்த முட்டாள் சரி என்று நம்பித்தான் மாட்டினான். நான் பொய் என்று தெரிந்தே எழுதினேன். கையுறையைக் கழற்றி வைத்துவிட்டு, மகளிடம் என்ன சொல்வது என்று தெரியாமல் வீட்டுக்கு நடந்தேன்.